யார் பேசணும், யார் பணம் கட்டணும்? டேல் கார்னகியின் மாலை வகுப்பு

இந்த எபிசோடுக்குக் காரணம் என் நண்பன் ஒருவன். என்னோடு ஒரே கல்லூரியில் படித்தவன், ஆறு வருஷமா ஐ.டி. வேலை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து வைத்தான். "மச்சான், வேலையை விடப்போறேன். சாஃப்ட் ஸ்கில்ஸ் ட்ரெய்னிங் கம்பெனி ஆரம்பிக்கப் போறேன். காலேஜ் காலேஜாப் போய் மூணு நாள் புரோகிராம். பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லு" என்றான். கையில் இருக்கும் சேமிப்பு மொத்தத்தையும் இதில் போடுகிறான். வீட்டுக் கடன் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. சும்மா "சூப்பர்டா" என்று சொல்லி அனுப்ப மனசு வரவில்லை.

அவன் தயாரித்து வைத்திருந்தது 120 ஸ்லைடு. இரண்டாவது ஸ்லைடில் பெரிய எழுத்தில் ஒரு வரி: வெற்றிக்குக் காரணம் 85 சதவீதம் சாஃப்ட் ஸ்கில்ஸ், 15 சதவீதம்தான் தொழில்நுட்ப அறிவு. நீங்க இன்ஜினியரிங் படிச்சவங்களா இருந்தா இந்த வரியை எங்கேயாவது பார்த்திருப்பீங்க. நானும் பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங்கில் பார்த்திருக்கிறேன்.

"இந்த நம்பர் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. அன்றைக்கு ராத்திரி தேட ஆரம்பித்தேன். அந்த எண்ணை உலகம் முழுக்கக் கொண்டுபோனவரும், இந்தத் தொழிலை ஒரு பெரிய கம்பெனியாகக் கட்டி நிறுத்தியவரும் ஒரே ஆள். டேல் கார்னகி. அவர் எழுதிய புத்தகம் நம்ம ஊர் பிளாட்பாரக் கடைகளில் கூடக் கிடைக்கும். ஆனால் புத்தகத்துக்கு 24 வருஷம் முன்னாடியே அவர் ஆரம்பித்த வகுப்பைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. என் நண்பனுக்குத் தேவையான பாடம் அந்த வகுப்பில்தான் இருக்கிறது.

கரப்பான்பூச்சி அறை

1912. நியூயார்க், மேற்கு 56-வது தெருவில் ஒரு மலிவான வாடகை அறை. சுவரில் டைகள் தொங்குகின்றன. காலையில் ஒரு டையை எடுக்கக் கை நீட்டினால் கரப்பான்பூச்சிகள் நாலாபக்கமும் சிதறி ஓடும். இதை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு 23 வயது. லாரி விற்கும் வேலை. லாரி எப்படி ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

அவர் மிசூரி மாநிலத்தில் ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில் 1888-ல் பிறந்தவர். வாரன்ஸ்பர்க் என்ற ஊரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தார். ஊரில் தங்கிப் படிக்கப் பணம் இல்லை, பண்ணையிலிருந்து தினமும் குதிரையில்தான் போய்வந்தார். நல்ல சட்டை இல்லை, விளையாட்டிலும் சேர முடியவில்லை. கல்லூரியில் மதிப்பு கிடைக்க வேறு என்ன வழி என்று பார்த்து, பேச்சுப் போட்டிகளில் சேர்ந்தார். வரிசையாகத் தோற்றார். அப்புறம் ஜெயிக்க ஆரம்பித்தார்.

படிப்புக்குப் பிறகு அஞ்சல்வழிப் பாடங்கள் விற்றார். ஆர்மர் கம்பெனிக்காகப் பன்றி இறைச்சி, சோப்பு, கொழுப்பு விற்றார். அதில் நன்றாகவே சம்பாதித்தார். சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு நடிகராக நியூயார்க் வந்தார். ஒரு நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றியதோடு நடிப்பு முடிந்தது. அதற்குப் பிறகுதான் லாரி வேலையும் கரப்பான்பூச்சி அறையும்.

ஒரு கட்டத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். கல்லூரியில் படித்ததிலேயே வேலையில் உதவியது எது? மற்ற எல்லாப் பாடத்தையும் சேர்த்தாலும் அந்த மேடைப்பேச்சுப் பழக்கத்துக்கு ஈடாகவில்லை. சரி, மாலையில் அதைச் சொல்லிக்கொடுப்போம், பகலில் நாவல் எழுதுவோம் என்று முடிவெடுத்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கும் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பித்தார். இரண்டும் வேண்டாம் என்றன. கடைசியில் போய் நின்ற இடம் 125-வது தெருவில் இருந்த ஒய்.எம்.சி.ஏ.

இரண்டு டாலர் கிடையாது

ஒரு வகுப்புக்கு இரண்டு டாலர் சம்பளம் கேட்டார். ஒய்.எம்.சி.ஏ. மறுத்தது. இந்த மாதிரி வகுப்புக்கு ஆள் வருமா என்றே அவர்களுக்குச் சந்தேகம். வேண்டுமானால் நடத்துங்கள், லாபம் வந்தால் அதில் ஒரு பங்கு தருகிறோம் என்றார்கள். வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்.

இந்த ஒப்பந்தத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏன்னா அந்த வகுப்பின் மொத்த வடிவமும் இதிலிருந்துதான் வருகிறது. மாணவர்கள் கட்டணத்தைத் தவணையாகக் கட்டினார்கள். பலன் தெரியவில்லை என்றால் அடுத்த தவணையை நிறுத்திவிடுவார்கள். அவர்கள் நிறுத்தினால் கார்னகிக்கு அன்றைக்குச் சாப்பாடு இல்லை. தனக்குச் சம்பளத்துக்குப் பதில் பங்கு கிடைத்ததால்தான் நடைமுறைக்கு உதவுகிற மாதிரி நடத்த வேண்டியதாயிற்று என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

வந்தவர்கள் பட்டம் வாங்க வந்தவர்கள் இல்லை. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வரும் விற்பனையாளர்கள், அலுவலக ஊழியர்கள். மீட்டிங்கில் பயத்தில் மயங்கி விழாமல் எழுந்து நாலு வார்த்தை பேசணும். கறாரான வாடிக்கையாளரைப் பார்க்கப் போனால், தெருவை மூணு சுற்று சுற்றாமல் நேராகக் கதவைத் தட்டணும். இவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியது. நம்ம கிளையன்ட் காலில் மியூட்டை எடுக்கவே கை நடுங்குகிறதே, அதே பயம்தான்.

முதல் வகுப்பு 1912 அக்டோபரில். தயாரித்துக் கொண்டுபோன விஷயமெல்லாம் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. நேரமோ மிச்சம் இருக்கிறது. என்ன செய்வது என்று தெரியாமல், கடைசி வரிசையில் இருந்த ஒருவரை எழுப்பிப் பேசச் சொன்னார். என்ன பேசுவது? உங்களைப் பற்றிப் பேசுங்கள். அடுத்து இன்னொருவர், அப்புறம் இன்னொருவர். தனக்குக் கோபம் வந்த ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் கூச்சப்படுகிறவர்கள் கூடத் தங்களை மறந்து பேசுகிறார்கள் என்பதைப் போகப் போகக் கண்டுபிடித்தார்.

சரக்கு தீர்ந்துபோனதால் கிடைத்த கண்டுபிடிப்பு இது. நம்ம பாஷையில் சொன்னால், புரொடக்ஷனில் ஒரு பிரச்சினை வந்து, அவசரத்துக்குப் போட்ட பேட்ச்தான் கடைசியில் புராடக்டாகவே ஆனது. ஆசிரியரின் பேச்சுக்காக யாரும் வரவில்லை. தான் எழுந்து பேசும் அந்த இரண்டு நிமிஷத்துக்காகத்தான் பணம் கட்டுகிறார்கள். சுற்றி இருப்பவர்களும் இதே பயத்தில் இருப்பவர்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள். அடுத்த வாரமும் எழுந்து நிற்கணும். கார்னகி விற்றது இந்த ஏற்பாட்டைத்தான்.

இதற்குக் காசு வந்ததா? வந்தது. மூன்று வருஷத்துக்குள் அதே பங்கு முறையில் ஒரு இரவுக்கு 30 டாலர் கிடைத்ததாக அவருடைய நண்பரும் ஒலிபரப்பாளருமான லோவெல் தாமஸ் எழுதுகிறார். அன்றைக்கு இரண்டு டாலருக்கு ஒய்.எம்.சி.ஏ. சரி என்று சொல்லியிருந்தால், கார்னகி ஒரு சாதாரண பகுதிநேர ஆசிரியராகவே இருந்திருக்கலாம்.

இடையில் தன் பெயரின் எழுத்துக்கூட்டலையும் மாற்றிக்கொண்டார். எஃகுத் தொழில் கோடீஸ்வரர் ஆண்ட்ரூ கார்னகியின் பெயர் மாதிரியே இருக்கட்டும் என்று. இரண்டு பேருக்கும் சொந்தம் எதுவும் கிடையாது. ஆளும் மார்க்கெட்டிங்கில் சும்மா இல்லை!

போஸ்ட்கார்டிலிருந்து புத்தகம் வரை

வகுப்பு நடத்த நடத்த, மேடைப்பேச்சு மட்டும் போதாது, தினமும் மனுஷங்களோடு பழகுவதில்தான் இவர்களுக்கு உதவி வேண்டும் என்று புரிந்தது. அதற்கு ஒரு பாடப்புத்தகம் தேடினார். கிடைக்கவில்லை. அதனால் சில விதிகளை ஒரு போஸ்ட்கார்டு அளவு அட்டையில் அச்சடித்துக் கொடுத்தார். மாணவர்கள் அந்த வாரம் அலுவலகத்திலும் வீட்டிலும் அதைச் செய்து பார்த்துவிட்டு, அடுத்த வகுப்பில் எழுந்து நடந்ததைச் சொல்வார்கள். அடுத்த பருவத்தில் அட்டை பெரிதானது. அப்புறம் துண்டுப்பிரசுரம். அப்புறம் சிறு புத்தகங்கள். பதினைந்து வருஷம் இப்படியே போனது. வெர்ஷன் வெர்ஷனாக ரிலீஸ் பண்ணி, யூசர் ஃபீட்பேக் வாங்கித் திருத்துவதை நாம் என்னவோ புதுசு என்று நினைக்கிறோம்.

1934-ல் சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்தைச் சேர்ந்த லியான் ஷிம்கின் அந்த வகுப்பில் மாணவராகச் சேர்ந்தார். இது புத்தகமாக வரணும் என்று அவர்தான் வற்புறுத்தினார். 1936-ல் வந்தது. நண்பர்களைச் சம்பாதிப்பது, மனிதர்களிடம் செல்வாக்குப் பெறுவது பற்றிய அந்தப் புத்தகம் இதுவரை 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

இனி நம்ம 85 சதவீதத்துக்கு வருவோம். அது அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. பொறியியல் மாதிரித் துறைகளில் கூட, ஒருவரின் பண வெற்றியில் 15 சதவீதம்தான் தொழில்நுட்ப அறிவு, 85 சதவீதம் மனிதர்களோடு பழகும் திறமை என்று கார்னகி எழுதுகிறார். ஆதாரமாக ஆண்ட்ரூ கார்னகி தொடங்கிய கல்வி அறக்கட்டளையின் ஆய்வைச் சொல்கிறார். அந்த அறக்கட்டளைக்காக சார்லஸ் மான் என்பவர் பொறியியல் கல்வியைப் பற்றி எழுதிய அறிக்கை 1918-ல் வெளியானது. அவர் என்ன செய்தார்? பொறியாளர்களிடம், "ஒரு பொறியாளர் வெற்றி பெற எது முக்கியம்?" என்று கருத்துக் கேட்டார். நேர்மை, நிதானமான முடிவு, மனிதர்களைப் புரிந்துகொள்வது மாதிரியான குணங்களைத்தான் அவர்கள் மிக அதிகமாகச் சொன்னார்கள். அவ்வளவுதான். யாருடைய சம்பளத்தையும் எடுத்து, இதில் இத்தனை சதவீதம் பேச்சால் வந்தது என்று அங்கே யாரும் அளக்கவில்லை.

நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கருத்துக்கணிப்பு, நம்ம கல்லூரி புரொஜெக்டரில் அறிவியல் உண்மையாக வந்து நிற்கிறது. என் நண்பனுக்கு நான் சொன்ன முதல் வார்த்தை, "அந்த ஸ்லைடைத் தூக்கிடு."

75 விநாடி விளம்பரம்

வகுப்புக்கு ஆள் சேர்த்த விதமும் கவனிக்க வேண்டியது. 1930-களில், பொருளாதார மந்தம் இன்னும் தீராத காலம். ஒரு ஜனவரிக் குளிர் இரவில் நியூயார்க் பென்சில்வேனியா ஹோட்டலின் பெரிய கூடத்தில் 2,500 பேர் கூடினார்கள். பத்திரிகையில் வந்த முழுப்பக்க விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். மேடையில் கார்னகி வந்து நீளமாக உரையாற்றவில்லை. வகுப்பை முடித்த மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக மைக் முன்னால் வந்தார்கள். ஆளுக்கு 75 விநாடி. சுத்தியலைத் தட்டினால் இறங்கணும், அடுத்தவர் ஏறணும்.

போன வருஷம் வாயே திறக்காத ஒருவர் 2,500 பேர் முன்னால் தன் கதையைச் சொல்லிவிட்டு இறங்குகிறார் என்றால், அதற்கு மேல் விளம்பரம் என்ன வேண்டும்? இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. உங்க மாணவருக்கு உண்மையிலேயே பேச வந்திருக்கணும். இல்லையென்றால் மேடையிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

அவர் இல்லாத வகுப்பு

எந்தப் பயிற்சித் தொழிலும் ஒரு இடத்தில் முட்டிக்கொள்ளும். நடத்துகிற ஆள் ஒருவர்தான், அவருக்கு ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தான். கார்னகிக்குச் சாதகமாக இருந்தது அந்த முதல் நாள் விபத்து. வகுப்பின் உயிர் அவருடைய பேச்சில் இல்லாததால், அவர் இல்லாமலும் அதை நடத்த முடிந்தது. வகுப்பை முடித்தவர்களில் சிலர் உதவியாளராக வந்தார்கள், அவர்களில் சிலர் பயிற்றுநர் ஆனார்கள். 1940-களில் வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்களுக்கு உரிமம் கொடுத்து நடத்தும் முறை வளர்ந்தது. 1955-ல் கார்னகி இறந்தபோது சுமார் 4.5 லட்சம் பேர் இந்த வகுப்பை முடித்திருந்தார்கள். அதன் பிறகு கம்பெனியை நடத்தியவர் அவர் மனைவி டோரதி. அவரும் ஓக்லஹோமாவில் இதே வகுப்பை முடித்தவர்தான்.

அந்த லட்சக்கணக்கானவர்களில் ஒருவர் வாரன் பஃபெட். மேடை என்றாலே நடுங்குவார். முதல் தடவை 100 டாலர் காசோலை கொடுத்துவிட்டு, பயத்தில் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்புறம் 1950-களின் தொடக்கத்தில் ஒமாஹாவில், இந்த முறை ரொக்கமாகவே கட்டிச் சேர்ந்தார். அவர் அலுவலகச் சுவரில் கல்லூரிப் பட்டம் இருக்காது, இந்த வகுப்புச் சான்றிதழ் இருக்கும்.

இதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்லணும். நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் சிங்ளேர் லூயிஸ் இந்தப் புத்தகத்தைக் கடுமையாகக் கிண்டல் செய்தார். காரியம் ஆகணும் என்பதற்காக அக்கறை இருப்பதாக நடிக்கச் சொல்லித் தருகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அது வெறும் பொறாமை இல்லை. 1960-களின் கொடூரக் கொலைகளுக்குக் காரணமான சார்லஸ் மேன்சன் சிறையில் இருந்தபோது கார்னகி வகுப்பில் சேர்ந்து அந்த உத்திகளைக் கற்றுக்கொண்டதாக, அவன் வரலாற்றை எழுதிய ஜெஃப் கின் சொல்கிறார். கத்தியைப் போலத்தான் இதுவும். சொல்லிக்கொடுக்கிறவர் இதை மறந்துவிடக் கூடாது.

"சாஃப்ட்" என்றால் சுலபமா?

கார்னகி காலத்தில் சாஃப்ட் ஸ்கில்ஸ் என்ற வார்த்தை புழக்கத்தில் இல்லை. அதைப் பரப்பியது அமெரிக்க ராணுவம். 1960-களின் கடைசியில், வீரர்களுக்கான பயிற்சியைத் திட்டமிடும்போது, இயந்திரத்தோடு செய்யும் வேலை ஒரு பக்கம், மனிதர்களோடும் காகிதங்களோடும் செய்யும் வேலை இன்னொரு பக்கம் என்று பிரித்தார்கள். இரண்டாவதற்கு சாஃப்ட் ஸ்கில்ஸ் என்று பெயர். 1972-ல் இதற்காகவே ஒரு மாநாடு நடந்தது. அதில் பால் விட்மோர் என்ற ஆய்வாளர் முக்கியமான ஒரு விஷயத்தைச் சொன்னார். எந்த வேலையை நாம் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறோமோ அதை ஹார்டு என்கிறோம், சரியாகப் புரியாததை சாஃப்ட் என்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார்.

தமிழில் மென்திறன் என்று எழுதுகிறோம். மென்மை என்றதும் லேசான விஷயம், மூணு நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றிவிடுகிறது. விட்மோர் சொன்னபடி பார்த்தால், சொல்லிக்கொடுக்கக் கஷ்டமானதே இதுதான்.

நம்ம ஊர்க் கணக்கு

இந்தியாவில் இந்தத் தொழில் பெருகியதற்கு ஒரு காரணம் 2005-ல் வந்த நாஸ்காம்–மெக்கின்ஸி அறிக்கை. பொறியியல் பட்டதாரிகளில் நான்கில் ஒருவர்தான் பன்னாட்டு நிறுவன வேலைக்குப் பொருத்தமானவர் என்றது அது. கல்லூரிகளுக்குப் பதற்றம். பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங் வந்தது.

என் பேட்சில் 180 பேர் ஒரே ஆடிட்டோரியத்தில். மூணு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம். மொத்தம் 1,080 நிமிஷம். ட்ரெய்னர் வாயே திறக்காமல் இருந்தால் கூட ஆளுக்கு ஆறு நிமிஷம்தான் கிடைக்கும். அவர் நன்றாகவே பேசினார், சிரிக்க வைத்தார், கை தட்டினோம். நான் பேசியது 40 விநாடி. வேலைக்குச் சேர்ந்து முதல் கிளையன்ட் காலில் என் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியம் வராமல் நின்றேன். மேனேஜர்தான் சமாளித்தார்.

அந்த ட்ரெய்னர் மோசமானவர் இல்லை. அவருக்குப் பணம் கொடுத்தது கல்லூரி. எனக்குப் பேச வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு அந்தத் தொகை வந்துவிடும். நான் தவணையை நிறுத்த முடியாது. 125-வது தெருவில் கார்னகியைத் திருத்திய அந்த ஒரு விஷயம் எங்கள் ஆடிட்டோரியத்தில் இல்லை.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். "அப்போ ஆரம்பிக்க வேண்டாங்கறியா?" என்றான். "ஆரம்பி. 120 ஸ்லைடையும் வீட்டில் வச்சிட்டு ஆரம்பி. வேலையை இப்போ விடாதே" என்றேன்.

இப்போது சனிக்கிழமை மாலைகளில் ஒரு டியூஷன் சென்டர் அறையை வாடகைக்கு எடுத்து நடத்துகிறான். பன்னிரண்டு பேர். வாராவாரம் கட்டணம், பிடிக்காவிட்டால் நின்றுவிடலாம். மூன்றாவது வாரம் இரண்டு பேர் வரவில்லை. இரண்டு பேருக்கும் போன் பண்ணி ஏன் என்று கேட்டானாம். ஒருவர் ஊருக்குப் போயிருந்தார். இன்னொருவர், "போன வாரம் எனக்குப் பேச டைமே வரலைங்க" என்றாராம்.

அடுத்த சனிக்கிழமை முதல் ஆளாக அவரைத்தான் எழுப்பினேன் என்றான். அவன் கம்பெனி தேறுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த போன் காலை அவன் பண்ணினான் பாருங்க, அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.